ஹாஜியின் மருந்துப் பேழை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள சிற்றூர் வடக்குப்பட்டு. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தபோது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முந்தியவை எனக் கணிக்கப்பட்ட கற்கருவிகள் வெளிப்பட்டன. அவற்றுக்கு வெகுகாலம் பிற்பட்ட ரோமானியக் குடுவைகளின் ஓட்டுச் சில்லுகளும் கிடைத்தன. கடல் கடந்து வந்த குடுவை துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை. உள்நாட்டுச் சிற்றூர் வரை யாரோ ஒரு பயணியின் தோளிலோ வண்டியிலோ வந்து சேர்ந்திருக்கின்றது. இன்று அவ்வூரைச் சுற்றிலும் கார் தொழிற்சாலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் எழுந்து நிற்கின்றன. கற்கருவி செய்த கைகள் இருந்த மண்ணில் இப்போது மூன்று ஷிப்டு வேலை நடைபெறுகின்றது.

அப்பகுதியில் வாடகை அறையொன்றில் தங்கி, ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய சொந்த ஊர் கீழக்கரை என்றே வைத்துக்கொள்வோம். சில வாரங்கள் உறக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், கையிலுள்ள பணத்தையெல்லாம் இறைத்துக்கொண்டு திரிந்தார். பின்னர்ப் பல வாரங்கள் பாயை விட்டு எழ மனமின்றிக் கிடந்தார். மருத்துவர் இதனை இருதுருவ மனநிலைக் கோளாறு என்று கண்டறிந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நோய் அடங்கியது. இந்நிலையில் உம்ராவுக்குச் செல்லும் குடும்பத்தார் அவரையும் அழைக்கின்றனர். “பத்து நாள்தானே தம்பி, அந்தப் புனித மண்ணில் இந்த மாத்திரை எதற்கு? துஆச் செய்தால் போதாதா?” என்று பெரிய வாப்பா கேட்கின்றார். “ஏர்போர்ட்டில் பையைத் திறந்து பார்த்துப் பிடித்துவைத்தால் என்ன செய்வது?” என்று உம்மா அஞ்சுகின்றார்.

இவ்விரு கேள்விகளும் நம் இல்லங்களில் தாழ்ந்த குரலில் மட்டுமே கேட்கப்படுகின்றன. நீரிழிவுக்காரர் இன்சுலினையும் இரத்த அழுத்தக்காரர் தம் மாத்திரையையும் எல்லாரும் காண எடுத்துவைக்கின்றார்கள். மனநோய்க்கான மருந்து மட்டும் துணிகளுக்கு அடியில் ஒளிகின்றது. அல்லது வீட்டிலேயே விடப்படுகின்றது. இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோரின் மருத்துவ வரலாற்றிலிருந்து வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பஅல்பக் நகரத்தைச் சேர்ந்த குஸ்தா இப்னு லூகா என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் கிறிஸ்தவர், எனினும் அப்பாஸியர் காலத்து அரபு அறிவுலகின் ஒளிவிளக்குகளுள் ஒருவர். ஹஸன் இப்னு மக்லத் என்னும் உயர் அதிகாரி மக்காவுக்குப் புறப்பட்டபோது, ஹஜ்ஜுப் பயணத்தில் உடலைப் பேணும் முறையைப் பற்றி அவருக்காகவே தனி நூல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். எப்போது உறங்குவது, எப்போது உண்பது, களைப்புற்ற கைகால்களை எவ்வாறு பிடித்துவிடுவது, ஊருக்கு ஊர் மாறும் தண்ணீரை எவ்வாறு பருகுவது, புழுதி படிந்த கண்ணுக்கும் காற்றடித்து வலிக்கும் காதுக்கும் என்ன செய்வது என்றெல்லாம் அந்நூல் பேசுகின்றது. வழியில் மருத்துவர் கிடைக்கமாட்டார், ஆகவே மருத்துவத்தை முன்கூட்டியே பயணியின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே அந்நூல் பிறந்ததன் காரணம். வேறு சமயத்தவர் ஒருவர் நம் ஹாஜியின் உடல்நலத்தைக் கருதி நூல் எழுதினார் என்பது நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

அடுத்த நூற்றாண்டில் கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார் ‘ஸாதுல் முஸாஃபிர்’ என்னும் பெருநூலை இயற்றினார். ‘பயணியின் கட்டுச்சோறு’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். தலை முதல் கால் வரையுள்ள நோய்களை ஏழு பகுதிகளில் விளக்கும் அந்நூல், தலையைப் பற்றிய முதற் பகுதியிலேயே காதலால் விளையும் ஏக்க நோய்க்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கின்றது. மனத்தின் நோயும் பயணியின் கட்டுச்சோற்று மூட்டையில் இடம்பெற்றது என்பதே இங்கு நோக்கத்தக்கது. பதினோராம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட இந்நூலை ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகள் பாடமாகப் படித்தார்கள்.

ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் இணைத்து எழுதிய பேரறிஞர். துயரத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். ஒன்று, இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது. மற்றொன்று, காரணமே புலப்படாமல் உடலின் உள்ளிருந்து எழுவது. முன்னதற்கு ஆறுதல் மொழி உதவும். பின்னதற்கு உடலை நோக்கிய மருத்துவமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. நோய் வரும் முன்னரே வீட்டில் மருந்து சேமித்து வைப்பது போல, நல்ல எண்ணங்களை உள்ளத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். “ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வருமா?” என்று இன்றும் கேட்போருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விடை எழுதப்பட்டுவிட்டது.

மருத்துவமனைகளைப் பற்றிப் பேசினால் நம் எழுத்தாளர்களுக்குப் பெருமிதம் பொங்கிவிடும். அது நியாயமே. டமாஸ்கஸில் 1154-இல் நூருத்தீன் ஸங்கீ நிறுவிய மாரிஸ்தானிலிருந்து கொண்டுவந்த மருந்தால், படைப்பயணத்தில் நோயுற்ற கலாவூன் குணமடைந்தார். அப்போது அவர் ஒரு தளபதி. அரசனானால் இத்தகைய மருத்துவமனை ஒன்றைக் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். 1284-இல் கெய்ரோவில் அதைக் கட்டியும் முடித்தார். மனநோயாளருக்கும் அங்கே தனி இடம் இருந்தது. ஆயினும் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது முறையாகாது. 1184-இல் டமாஸ்கஸுக்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அந்த மாரிஸ்தானில் மனநோயாளருக்குச் சிகிச்சை நடைபெற்றதைக் கண்டார்; அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் கண்டு எழுதினார். மருந்தும் சங்கிலியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அச்சங்கிலி நம் காலம் வரை நீண்டது என்பதுதான் நெஞ்சைப் பிழிகின்றது.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, குத்பு ஸுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் வலியுல்லாஹ் அவர்கள் அடங்கியுள்ள தலம். துல்கஅதா மாதத்துச் சந்தனக்கூடு விழாவுக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் திரள்கின்றனர். மனநோயுற்றவர்களை அங்கே அழைத்துச் சென்று தங்கவைப்பது பல தலைமுறை வழக்கம். போகலாம் என்னும் கட்டளை கனவில் வரும்வரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. கேரளத்திலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் எத்தனை நாள் உடனிருக்க முடியும்? அவர்களுடைய இயலாமையைக் கொண்டு தனியார் விடுதிகள் தர்காவைச் சுற்றி எழுந்தன. மாதப் பணம் செலுத்திவிட்டு உறவினர் ஊர் திரும்பினர். நோயாளிகள் இரவில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தனர்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவ்விடுதிகளுள் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. சங்கிலியில் கிடந்தவர்கள் எழுந்தோட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. ஒரு வாரத்திற்குள் அத்தகைய விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. உச்சநீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைக் கண்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, நாடு முழுவதும் இத்தகைய இல்லங்களை ஆய்வு செய்யுமாறு ஆணையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று விதித்தது. அது 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

இதைக் கொண்டு தர்காவைப் பழிப்பது என் நோக்கமன்று. அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களும் அல்லர். ஊரார் ஏச்சுக்கு அஞ்சிய, மருத்துவமனை எங்கிருக்கின்றது என்று அறியாத, அறிந்தும் செல்லக் கூசிய எளிய மக்கள் அவர்கள். நேர்ச்சை ஒரு பக்கம், மருந்து மறுபக்கம் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதுதான் பிழை. பின்னாளில் குஜராத்தின் உனாவாவிலுள்ள மீராதாதார் தர்காவில் ‘தவா–துஆ’ என்னும் திட்டம் தோன்றியது. தவா என்றால் மருந்து. தர்காவுக்கு வருவோர் துஆவையும் விடவேண்டியதில்லை. அதே வளாகத்தில் மனநல மருத்துவரையும் பார்த்து மாத்திரை பெறலாம். முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பு வைக்கச் சொன்ன நபிமொழியை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அதை மனநோய்க்குப் பொருத்திப் பார்க்க நமக்கு இத்தனை காலம் பிடித்துவிட்டது.

மாத்திரை என்று பொதுவாகச் சொன்னேன். நம் இளைஞர் உட்கொள்வது லித்தியமாக இருக்கலாம். அதன் கதை தனிக் கதை.

1817-இல் ஸ்வீடன் நாட்டில் கண்டறியப்பட்ட மென்மையான உலோகம் லித்தியம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இன்று இலட்சக்கணக்கில் பொருத்தப்படும் கைப்பேசிகளின் மின்கலத்தில் இருப்பதும் இதுவே. இதன் உப்பு மனநோய்க்கு மருந்தான வரலாற்றில் நம்மவர் பலர் அறிந்த சாங்கியும் வருகின்றது. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சாங்கியில் மூன்றாண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். கைதிகளின் மனநோயை அருகிருந்து கண்ட அவர், விடுதலைக்குப் பின் மெல்பர்ன் நகரில் பெரிய வசதிகள் ஏதுமின்றிக் கினிப்பன்றிகளைக் கொண்டு ஆராய்ந்தார். 1948-இல், ஐந்தாண்டுகளாகப் பித்து எழுச்சி தணியாதிருந்த 51 வயது நோயாளி ஒருவருக்கு லித்தியம் கொடுத்தார். அவர் சில மாதங்களில் தெளிந்து வீடு திரும்பினார். பழைய வேலையிலும் சேர்ந்தார். பின்னர், குணமாகிவிட்டதென்று எண்ணி மருந்தைக் கைவிட்டார். ஆறு மாதங்களில் மீண்டும் அதே மருத்துவமனை! பிற்பாடு, 1950-இல், அம்மருந்து உடலில் மிகுந்து நஞ்சானதால் அவரே உயிரிழந்தார். விட்டாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு என்னும் இருமுனைக் கத்தியின் தன்மை முதல் நோயாளியிடமே முழுமையாகத் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவிலோ அதே 1949-இல், இதய நோயாளிகள் சமையலுப்புக்கு மாற்றாக லித்தியம் உப்பைச் சோற்றில் தூவிக்கொண்டு சிலர் மடிந்தனர். அங்கே அது தடைசெய்யப்பட்டது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ 1954 முதல் முறையாகச் சோதித்து, இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று அளந்து கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று காட்டினார். 1970-இல் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலோருக்கு ஒரு லிட்டர் இரத்த நீரில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது தக்க அளவு, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. இடைவெளி இவ்வளவு குறுகியது.

பயணத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உப்பிலும் தண்ணீரிலும் இருக்கின்றது. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாளுகின்றது. வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் உடல் நீரையும் உப்பையும் இழக்கும்போது, சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்துவைக்க முயல்கின்றது; அதனுடன் லித்தியத்தையும் பிடித்துக்கொள்கின்றது. மாத்திரையின் எண்ணிக்கை கூடவில்லை; ஆயினும் இரத்தத்தில் மருந்து ஏறிவிடுகின்றது. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது. 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அத்தகைய வெயிலில் தவாஃபும் ஸஃயும் செய்பவர் லித்தியம் உட்கொள்பவராயின் தண்ணீரைத் தாகம் வரும்வரை காத்திராமல் பருக வேண்டும். உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்கலாகாது. கால்வலிக்கென்று பக்கத்து அறை ஹாஜியார் அன்போடு நீட்டும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளை வாங்கி விழுங்கிவிடவும் கூடாது; அவையும் இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றுபவை. வலிக்குப் பாராசிட்டமால் ஆகுமா என்று புறப்படும் முன்னரே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கை வழக்கத்தைவிடக் கடுமையாக நடுங்குதல், நாக் குழறுதல், நடை தள்ளாடுதல், ஓயாத வாந்தி ஆகியவை கண்டால் அடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ‘வெயில் மயக்கம்’ என்று உடனிருப்போர் எண்ணிவிடுவதே பெரிய ஆபத்து.

கை இறுக்கத்தைப் போக்கச் சிலருக்கு எழுதப்படும் டிரைஹெக்ஸிபெனிடைல் வியர்வையைக் குறைத்து உடலில் சூட்டைத் தேக்கும். லாமோட்ரிஜின் உட்கொள்பவர் சில நாள் விட்டுவிட்டால், விட்ட இடத்திலேயே பழைய அளவில் தொடங்கலாகாது; மருத்துவர் சொற்படி மீண்டும் சிறிய அளவிலிருந்து ஏற வேண்டும். ஆகையால்தான் “பத்து நாள்தானே” என்பது சிறிய சொல் அன்று.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நோயில் உறக்கம் குலைவது வெறும் அறிகுறியன்று. எழுச்சியைத் தூண்டிவிடும் காரணமும் ஆகும். ஜௌஹர், வெல்லர் என்னும் மருத்துவர்கள் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கு நோக்கிப் பறந்தோரிடம் மனச்சோர்வும் கிழக்கு நோக்கிப் பறந்தோரிடம் பித்து எழுச்சியும் மிகுதியாகக் கண்டனர். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இரண்டரை மணி நேரமே வேற்றுமை. ஆனால் நம் இளைஞர் இரவு ஷிப்டு முடித்து, நேரே மீனம்பாக்கம் சென்று, நள்ளிரவு விமானம் ஏறி, இறங்கியதும் உறங்காமல் உம்ராவை நிறைவேற்றினால் கடிகாரத்தின் வேற்றுமையை விட விழித்த இரவுகளின் கணக்கே மிகுந்துவிடும். புறப்படுவதற்கு முந்திய இரு நாள் விடுப்பும், இறங்கியபின் ஓர் இரவு உறக்கமும் அவருக்கு ஆடம்பரம் அல்ல. கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் உடல் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ள நாட்கள் இருந்தன. பம்பாய்–ஜித்தா கப்பல் 1995-இல் நின்றபின் அந்த வாய்ப்பும் போயிற்று.

ரமலானில் உம்ரா செல்வோர் மிகுதி. நோன்பும் லித்தியமும் பற்றி இருவேறு ஆய்வுகள் உண்டு. காஸாபிளாங்கா நகரில் 20 நோயாளிகளைக் கண்காணித்து 2000-இல் வெளியான ஆய்வில் 45 விழுக்காட்டினருக்கு ரமலானில் நோய் மீண்டது. உறக்கமும் அன்றாட ஒழுங்கும் மாறியதைக் காரணமாக ஐயுற்றனர். பெஷாவரில் 62 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, இரத்தத்தில் லித்தியம் பெரிதாக மாறவில்லை, நோயாளர் நிலையும் கெடவில்லை என்றது. இவை இரண்டையும் கொண்டு எல்லாருக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒவ்வொருவரும் தம் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டென்பது அல்-பகரா அத்தியாயத்திலேயே இருப்பது. நம் இளைஞர் நோயாளி, பயணி ஆகிய இரண்டும் ஆவார். சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கம் என்ன இருக்கின்றது?

இனி உம்மாவின் அச்சம். அது பொருளற்றது என்று தள்ளிவிட மாட்டேன். 1971-இல் வியன்னாவில் கையெழுத்தான மனத்தூண்டு மருந்துகள் உடன்படிக்கை, பயணிகள் தம் சொந்தத் தேவைக்குச் சிறிதளவு மருந்து கொண்டுசெல்ல நாடுகள் இடமளிக்கலாம் என்று கூறியிருக்கின்றது. ஆனால் அம்மருந்து முறையாகப் பெற்றதுதானா என்று உறுதிசெய்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. வளைகுடா நாடுகள் அவ்வுரிமையைக் கண்டிப்பாகவே செலுத்துகின்றன. லித்தியத்தால் பொதுவாகத் தொல்லை வருவதில்லை. உறக்கத்திற்கும் பதற்றத்திற்கும் தரப்படும் டயஸெபாம், அல்பிரஸோலாம், குளோனஸெபாம் போன்றவையே கட்டுப்பாட்டுக்குள் வருபவை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் இவற்றுக்குப் புறப்படும் முன்பே அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் இசைவைப் பெற வேண்டும். பட்டியல்கள் அவ்வப்போது மாறுபவை. சென்ற ஆண்டு சென்று வந்த உறவினர் சொல்லை நம்பிப் புறப்படுவது தகாது. இசைவு பெறாமல் ஒளித்துக் கொண்டுபோவதே ஆபத்து. மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் எழுதி, மருத்துவர் கையொப்பமிட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்று உடன் இருக்க வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சிறு டப்பியில் கொட்டிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பயணத்தில் அது வேண்டாம். விமானத்தின் அடியில் போகும் பெட்டி வழிதவறினாலும் மருந்து தவறாதிருக்க, கைப்பையிலேயே வைத்துக்கொள்வதும், திரும்பும் நாளுக்கு மேலும் சில நாள் மருந்து வைத்திருப்பதும் அனுபவசாலிகள் செய்வது. புறப்படும் முன் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்து, அந்தச் சீட்டையும் கடிதத்தோடு இணைத்துவிடலாம்.

உடன் செல்பவர்களுள் ஒருவரேனும் நோயை அறிந்திருப்பதும் அவசியம். பெரிய வாப்பாவுக்கே அதைச் சொல்லிவிடலாம். மாத்திரை வேளையை நினைவூட்டும் பொறுப்பை ஒப்படைத்தால் அவர் மனம் மாறவும் கூடும். நம் நாட்டுக்குள் பயணம் செய்வோருக்கு, 2022 முதல் நடைபெறும் ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவிச் சேவை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கிடைக்கின்றது; தமிழிலும் பேசலாம்.

மீதியிருப்பது கடிகாரம். ஜித்தாவில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்வார்கள். இரவு ஒன்பது மணி மாத்திரையை நம்மூர் ஒன்பதுக்கு உட்கொள்வதா, அவ்வூர் ஒன்பதுக்கா என்று அப்போது தடுமாறக்கூடாது. புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு, ஒரு சிறு அட்டையில் தமிழில் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள் செருகி வைத்துக்கொள்ளலாம்.